பெனெவென்டோவின் முதல் சீரி ஏ சீசன்: கேள்வி பதில்

இத்தாலியின் பெனெவென்டோ கிளப் 2017-18இல் முதன்முறையாக நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான சீரி ஏ-வுக்கு வந்து, தொடர்ந்து 14 ஆட்டம் தோற்று, கடைசி இடத்தில் முடித்தது. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் கீழே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: இந்த ஊர் எங்கே இருக்கிறது? அந்த வருஷத்துக்கு முன்னால் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

நேப்பிள்ஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம், மலைகளுக்கு நடுவே. மக்கள்தொகை ஏறத்தாழ 60 ஆயிரம். ரோமப் பேரரசர் டிராஜன் பெயரிலான பழைய வளைவு ஒன்று இன்னும் அப்படியே நிற்கிறது. சூனியக்காரிகள் கூடும் ஊர் என்று பழங்கதை உண்டு. கிளப் சின்னத்திலேயே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இருக்கிறாள். 1929இல் தொடங்கிய கிளப். நீங்கள் கேள்விப்படாததில் ஆச்சரியமே இல்லை. 2016 வரை இரண்டாம் நிலை லீக்கான சீரி பி-யையே அவர்கள் எட்டியதில்லை.

கே: அப்படியானால் ஒரே வருஷத்தில் பி-யிலிருந்து ஏ-வா? குறுக்குவழி ஏதும் உண்டா அண்ணே?

குறுக்குவழி இல்லை தம்பி, ப்ளே-ஆஃப். நேரடியாக ஏறாத அணிகள் மீதமுள்ள ஓர் இடத்துக்கு மோதும் ஆட்டங்கள். மார்கோ பரோனி பயிற்சியில் 2016-17 சீரி பி-யில் ஐந்தாவதாக முடித்தார்கள். ப்ளே-ஆஃப் இறுதியில் கார்ப்பி அணியோடு அவர்கள் மைதானத்தில் 0-0, சொந்த மைதானத்தில் 1-0. ருமேனியாக்காரர் ஜார்ஜே புஷ்காஷ் அடித்த கோல் அது. இரண்டு வருஷத்தில் இரண்டு படி ஏறியது சாதனைதான். ஆனால் ஐந்தாவது இடத்திலிருந்து ப்ளே-ஆஃப் வழியாக ஏறுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நேரடியாக ஏறுகிறவர்கள் மே மாதமே ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இவர்களுக்கு எந்த லீக் என்பதே ஜூனில்தான் தெரிந்தது.

கே: 14 தோல்வி எப்படி சார் சாத்தியம்? ஒரு டிரா கூடவா கிடைக்காது?

எல்லாரும் கேட்ட கேள்வி இதுதான். எல்லா ஆட்டத்திலும் அடிவாங்கினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் ஆட்டத்தில் சம்ப்டோரியா மைதானத்தில் சிச்சிரெத்தி அடித்து இவர்கள்தான் முன்னிலை. சம்ப்டோரியாவின் குவாலியரெல்லா இரண்டு போட்டு 2-1 ஆக்கினார். செப்டம்பரில்தான் உண்மையான அடி: நேப்போலி 6-0, அடுத்த ஆட்டத்தில் ரோமா 4-0. ஒன்பது தோல்விக்குப் பிறகு பரோனியை அனுப்பிவிட்டு ரொபெர்டோ டி ஜெர்பியைக் கொண்டுவந்தார்கள்.

அவருக்கு முதல் ஆட்டம் கலியாரியில். கூடுதல் நேரத்தில் இயெம்மெல்லோ பெனால்டியில் சமன் செய்கிறார், 1-1. முதல் புள்ளி கையில் வந்துவிட்டது. மறு நிமிஷமே கலியாரியின் பவொலெத்தி அடித்து அதைப் பறித்துவிட்டார். நவம்பரில் டூரினில் நடப்புச் சாம்பியன் யுவெண்டஸுக்கு எதிராக சிச்சிரெத்தி ஃப்ரீகிக்கில் கோல்; இடைவேளை வரை முன்னிலை; கடைசியில் 2-1 தோல்வி. சசுவோலோவிடமும் கூடுதல் நேர கோலில் போனது. தரம் போதவில்லை என்பது உண்மை. அதோடு, தோற்றுப் பழகிய அணிக்கு 90ஆவது நிமிஷம் வந்தாலே கால் நடுங்கும். அதிர்ஷ்டம் கெட்டது என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளில் சீசன் தொடக்கத்தில் இதற்கு முன் மோசமான கணக்கு 1930-31இல் மான்செஸ்டர் யுனைடெட்டுடையது. 12 தோல்வி.

கே: மிலானுக்கு எதிராக முதல் புள்ளி வாங்கிக் கொடுத்த அந்த கோலை அடித்தவர் கோல்கீப்பர் பிரின்யோலாதானே?

பிரின்யோலி. அல்பெர்டோ பிரின்யோலி, யுவெண்டஸிலிருந்து லோனில் வந்த கோல்கீப்பர். என்ரிகோ பிரின்யோலா என்பவர் அதே அணியின் இளம் முன்களக்காரர். ஒரே அணியில் இரண்டு பேரும் இருந்ததால் வர்ணனையாளர்கள் பாடு திண்டாட்டம்தான்.

2017 டிசம்பர் 3, எதிரணி மிலான். அவர்களுக்கு அன்று கட்டூசோ பயிற்சியாளராக முதல் ஆட்டம். பெனெவென்டோ 2-1 பின்தங்கிய நிலை, 95ஆவது நிமிஷம், கத்தால்டி ஃப்ரீகிக்கைத் தூக்கிப் போட, முன்னால் ஓடிவந்திருந்த பிரின்யோலி பாய்ந்து தலையால் முட்டினார். 2-2. கிளப்பின் முதல் சீரி ஏ புள்ளி ஒரு கோல்கீப்பரின் தலையிலிருந்து வந்தது. சீரி ஏ-வில் இப்படித் தலையால் அடித்த கோல்கீப்பர்கள் வேறு யார் என்றால், 1992இல் கிரெமோனேசேவின் ரம்புல்லா, 2001இல் ரெஜ்ஜினாவின் தைபி.

கே: முதல் வெற்றி?

டிசம்பர் 30, எதிரணி கியேவோ, 1-0, கோல் அடித்தவர் கோடா.

கே: டி ஜெர்பி ஆகஸ்டிலிருந்தே இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள்தானே?

ரசிகர்கள் இப்படித்தான் சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் 19 ஆட்டத்தில் 4 புள்ளி. அடுத்த 19இல் 17. அந்த இரண்டாம் பாதி வேகத்தில் முழு சீசனும் ஆடியிருந்தால் 34. அந்த வருஷம் 35 புள்ளி எடுத்த குரோட்டோனேவே கீழே, அதாவது சீரி பி-க்கு, போனது. தப்பித்த ஸ்பாலுக்கு 38. ஆக, நன்றாக ஆடிய பெனெவென்டோவும் இறங்கும் அணிதான்.

இன்னொன்று, அந்த இரண்டாம் பாதி ஜனவரியில் வந்தவர்களால் ஆனது. டாட்டன்ஹாமில் ஆடிய சாண்ட்ரோ, ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி என்று சுற்றிய பகாரி சன்யா, அப்புறம் மாலியின் ஷேக் டியாபாட்டே. டியாபாட்டே 11 ஆட்டத்தில் 8 கோல். ஆகஸ்டில் டி ஜெர்பி இருந்திருந்தாலும் இவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். பழியைப் பரோனி தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. அவரே பிறகு 2022இல் லெச்சேயை சீரி பி சாம்பியனாக்கினார், வெரோனாவை சீரி ஏ-வில் காப்பாற்றினார்.

கே: மிலானை மிலானிலேயே வென்றும் இறங்கினார்களாமே?

ஆமாம். 2018 ஏப்ரல் 21, சான் சிரோ, இயெம்மெல்லோ கோல், 1-0. கடைசிப் பகுதியில் டியாபாட்டே சிவப்பு அட்டை வாங்கியும் தாக்குப்பிடித்தார்கள். அந்த சீசனில் வெளியூரில் கிடைத்த ஒரே வெற்றி. அந்த வார இறுதியிலேயே இறக்கம் உறுதியானது. மொத்தக் கணக்கு: 6 வெற்றி, 3 டிரா, 29 தோல்வி, 21 புள்ளி. 84 கோல் வாங்கினால் வேறென்ன ஆகும்?

கே: முதல்முறை ஏறுகிற எல்லாருக்கும் இதே கதிதானா?

இல்லை. வெரோனாவின் ஒரு புறநகர்க் கிளப்பான கியேவோ 2001-02இல் வந்த வேகத்தில் ஐந்தாவது இடம் பிடித்தது. குரோட்டோனே 2016-17இல் கடைசி ஒன்பது ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்து 34இல் தப்பித்தது. அவர்கள் பயிற்சியாளர் நிக்கோலா சொன்ன சொல்லைக் காப்பாற்ற டூரின் வரை சைக்கிளில் போனார்! அதற்கு முந்தைய வருஷம் கார்ப்பி 38 எடுத்தும் இறங்கியது. 34 போதுமா 38 போதுமா என்பது உங்கள் கையில் இல்லை, மற்றவர்கள் எவ்வளவு சொதப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கே: அப்புறம் என்ன ஆனார்கள்?

டி ஜெர்பி சசுவோலோவுக்குப் போனார். பிறகு ஷக்தார், பிரைட்டன், மார்செய். தலைவர் ஒரெஸ்டே விகோரிட்டோ பணத்தை நிறுத்தவில்லை. 2020இல் பிலிப்போ இன்சாகி பயிற்சியில் 86 புள்ளியோடு சீரி பி-யை அடித்து நொறுக்கி மேலே வந்தார்கள். 2021 மார்ச்சில் டூரினில் யுவெண்டஸையே 1-0 வென்றார்கள். அந்த சீசனிலும் 33 புள்ளியோடு இறக்கம்.

கே: ஒரே ஒரு முழு ஆட்டம் பார்க்க நேரமிருக்கிறது. மிலான் 2-2ஆ?

அதன் கடைசி இரண்டு நிமிஷம் போதும். முழுதாகப் பார்க்க 2018 ஏப்ரல் 7, சொந்த மைதானத்தில் யுவெண்டஸிடம் 4-2 தோற்ற ஆட்டத்தை எடுங்கள். டிபாலா ஹாட்ரிக், டியாபாட்டே இரண்டு. இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறையும் சமன் செய்தார்கள்.