தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வீடு, மனை: இந்த முறை வந்த கேள்விகள்

வந்த கடிதங்களில் முக்கால்வாசி தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்குமான ஊர்களைப் பற்றித்தான். விலை கட்டுப்படியாகிறது, அதனால் போகிறீர்கள், அதில் தப்பே இல்லை. நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், கொடுத்த மறுநாள்தான் எழுதுகிறீர்கள்.

கேள்வி: சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு பார்த்திருக்கிறோம். கணவருக்குக் கிண்டியில் வேலை. ரயிலில் ஒரு மணி நேரம் என்கிறார்கள். தினமும் போய்வர முடியுமா?

முடியும், நிறைய பேர் போய்வருகிறார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும்தான் அம்மா. ஸ்டேஷனுக்கு வண்டியில் வந்து, ஸ்டாண்டில் விட்டு, ரயிலுக்குக் காத்திருந்து, இறங்கி ஆபீஸ் போய்ச் சேர ஒரு பக்கத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை - தாம்பரம் இடையில் ஓடுகிற அளவுக்குத் தெற்கே ரயில் கிடையாது, ஒன்றை விட்டால் அரை மணி நேரம்கூட நிற்க வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து வீட்டைப் பார்த்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கிருந்து கிண்டிக்குப் போய், சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பி வாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

கேள்வி: 3 சென்ட் என்றால் எத்தனை சதுர அடி?

சுமார் 1,300. ஒரு கிரவுண்டு 2,400, அதாவது ஐந்தரை சென்ட்.

கேள்வி: பஞ்சாயத்து அப்ரூவல் மனை பத்திரம் பண்ணிவிட்டோம். இப்போது லோன் தர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

எந்த வருஷம் பத்திரம் ஆனது என்று எழுதவே இல்லையே, அதுதானே முக்கியம்? லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), இடத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்றுதான். 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பிரித்த மனைப்பிரிவு என்றால் 2017 விதிகளின்படி வரன்முறைப்படுத்த வழி இருந்தது. உங்கள் மனைக்கு அது செய்யப்பட்டிருக்கிறதா, செய்யாமல் விட்டிருந்தால் இப்போது விண்ணப்பிக்க முடியுமா என்று பத்திர நகலோடு நேரில் போய் விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: மண்ணிவாக்கம் பக்கம் ஏரியைப் பார்த்த மாதிரி 1,200 சதுர அடி மனை. அப்ரூவல் இருக்கிறது, 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது. அக்கம்பக்கத்தை விட விலை குறைவு. ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். வாங்கலாமா?

கொடுத்துவிட்டு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனை மட்டும்தான் வரும். மழை பெய்தால் அந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்பது அதில் வராது, அப்ரூவல் வரைபடத்திலும் வராது. இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் (மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம்) வழியாகக் கீழ் ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, கடைசியில் அடையாற்றுக்கு. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்துத் தண்ணீர்தான் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக இறங்குகிறது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். நான் என் முதல் மனையைச் சித்திரை வெயிலில் பார்த்து வாங்கினேன், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இங்கே தண்ணீரா, கிணறு தோண்டினால்கூட வராது சார் என்றார் விற்றவர். 2015-ல் அரிசி டிரம்மும் கேஸ் சிலிண்டரும் ஹாலில் மிதந்தன, என் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனோம். அதனால்தான் ஏரி வியூ என்று போர்டு வைத்து விற்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

இப்போதே போய் இதையெல்லாம் பாருங்கள். கலங்கல் எங்கே இருக்கிறது, வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? உள்ளூரில் மாடு மேய்க்கிற பெரியவர் யாராவது இரண்டு நிமிஷத்தில் கைகாட்டிவிடுவார். புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில், மனைக்குப் பக்கத்தில் வாய்க்கால் கோடு இருக்கிறதா, அ-பதிவேட்டில், அதாவது கிராம நிலப் பதிவேட்டில், அந்த சர்வே எண் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள், இரண்டும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். காலி மனையில் கோரை முளைத்திருந்தால் அங்கே தண்ணீர் நின்று வற்றுகிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா, ஈபி மீட்டரைத் தலைக்கு மேலே வைத்திருக்கிறார்களா, வாசலுக்கு ஆறேழு படி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மண் கொட்டி உயர்த்திக்கொள்ளலாம் என்பார்கள். 1,200 சதுர அடியை மூன்றடி உயர்த்த 36 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) மண் வேண்டும், பத்துப் பன்னிரண்டு லோடு, விலையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். உங்கள் மனையை உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அடுத்து ரோட்டை உயர்த்துவார்கள், திரும்பவும் உங்கள் வீட்டுக்கே வரும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு லட்சம் போனால் போகிறது என்று விடுகிற நிலைமைகூட வரலாம், கஷ்டம்தான், ஆனால் முப்பது லட்சத்தைத் தண்ணீரில் போடுவதற்கு அது பரவாயில்லை.

கேள்வி: போர் தண்ணீரில் டிடிஎஸ் 1,400. குடிக்கலாமா?

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு. 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்துக்கு 2,000 வரை என்பதுதான் இந்தியத் தர அளவு. குளிக்க, துவைக்க இது போதும், குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள். டிடிஎஸ் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட்டும் கிருமியும் பார்த்துவிடுங்கள். பக்கத்து மனைக்காரரின் செப்டிக் டேங்க் உங்கள் போருக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது?

கேள்வி: பாம்பு வருமா? சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வரும். கட்டி முடித்து மிஞ்சிய செங்கல், ஜல்லி, பலகையை வீட்டை ஒட்டிக் குவித்து வைக்காதீர்கள், எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். பாம்பைப் பார்த்தால் அடிக்காதீர்கள், தீயணைப்புத் துறைக்குச் சொன்னால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

கேள்வி: ஊர்க்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா? நாங்கள் அண்ணா நகரிலேயே இருந்து பழகியவர்கள்.

நீங்கள் முதலில் கேட்டைத் திறந்து வெளியே வர வேண்டும். ஆடியில் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது நன்கொடை கேட்டு வருவார்கள். பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடாமல், அன்றைக்குச் சொம்பை எடுத்துக்கொண்டு நீங்களும் போய் வரிசையில் நில்லுங்கள். அப்புறம் கிராம சபைக் கூட்டம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நடக்கும். தெருவிளக்கு இல்லை, குப்பை எடுக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் புலம்புகிறவர்கள் அங்கே வந்து ஒரு மனு கொடுத்தால் தீர்மானத்திலேயே ஏற்றலாம். எங்கள் தெரு விளக்கு அப்படித்தான் வந்தது, இரண்டு கூட்டம் ஆனது.

கேள்வி: முதலில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கண்டிப்பாக. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வருகிற மாதிரி பதினோரு மாத அக்ரிமென்ட் போடுங்கள்.