புது ஹூண்டாய் ஐ20 'என் லைன்' (N Line) காரா, பழைய ஃபோக்ஸ்வாகன் போலோவை வாங்கி ரீமேப் செய்வதா?

வீட்டில் இது ஒன்றுதான் கார், அதுவும் மாதத் தவணையில் எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: புதிதாகவே எடுங்கள்.

நான் இரண்டாவது வழியில் போனவன், அதாவது பழைய காரை வாங்கி, கூடுதல் பவருக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றியவன் (அதுதான் ரீமேப்). கோவையில் செகண்ட் ஹேண்டில் எடுத்த போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), 2020 மாடல், மேனுவல். கம்பெனி கொடுத்ததே 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). ஓட்ட அருமையான கார். ஆசை விடவில்லை, 35 ஆயிரம் கொடுத்து ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகங்களை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றும் முதல் கட்டம்) போட்டேன். முதல் ஒரு மாதம் ஆபீஸ் போய் வருவதே சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது மாதம் குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட்டைத் தாண்டி மூன்றாவது கியரில் மிதிக்கிறேன், ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் கருகும் வாடை. பின்சீட்டில் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். கூடுதல் டார்க்கை அந்தக் கிளட்ச் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஓரங்கட்டி, ஆறவிட்டு, அப்படியே ஊர் திரும்பினோம்.

கிளட்சுக்கு 45 ஆயிரம். அப்புறம் அந்த வேகத்துக்கு பிரேக் போதவில்லை, பின்னால் டிரம் பிரேக்தான். பிறகு சஸ்பென்ஷன். கடைசியாக டர்போவில் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) கோளாறு. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டியதும் மென்பொருளை மாற்றியது தெரிந்துவிட்டது, எக்ஸ்டெண்டட் வாரண்டி கிடையாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் மொத்தம் மூன்று லட்சம் போனது.

ஐ20 'என் லைன்' காரில் இருப்பது 120 குதிரைத்திறன்தான். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சாதா ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங் எல்லாம் சேர்த்து யோசித்துச் செய்தது. நான் ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றைக் கேட்டது.

"வெளிநாட்டு 'ஐ20 என்' (i20 N) காரில் 204 குதிரைத்திறன், இது வெறும் ஸ்டிக்கர்" என்று சிலர் வருவார்கள். தெரியும். அது இங்கே விற்பனைக்கே வரவில்லை, இருப்பதில்தானே தேர்வு செய்ய முடியும்? ரீமேப் செய்பவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. தினசரி ஓட்ட வேறு கார் வைத்துக்கொண்டு, ரீமேப் செய்த காரைக் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும்.

எதை வாங்கினாலும் நம் ஊர் வேகத்தடை விடாது. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது. எங்கள் பகுதியில் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் போட்டுத் தார் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். வெள்ளைக் கோடும் கிடையாது, பலகையும் கிடையாது. போன மாதம் அதில் பைக்கோடு விழுந்த பையனை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனு கொடுத்தேன், இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

சரி, டெஸ்ட் டிரைவ் போகும்போது டிசிடி (டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) மட்டும் ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். 6 கியர் மேனுவலையும் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள்.