கன அருமண் அறிவிப்பு: தலைப்பு வரியைத் தாண்டி எதைப் படிப்பது?

கேள்வி: கனடாவில் பட்டியலிடப்பட்ட ஒரு ஜூனியர் (இன்னும் உற்பத்தி தொடங்காத, கனிமம் தேடும்) சுரங்க நிறுவனத்தின் பங்குகள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன. "துளையில் 20 மீட்டர் நீளத்துக்கு 0.9 சதவீத டிஆர்இஓ, அதில் 62 சதவீதம் கன அருமண்" என்று அறிவித்திருக்கிறார்கள். பங்கு விலை ஏறிவிட்டது. இன்னும் வாங்கலாமா என்று முடிவெடுக்க அந்த அறிக்கையில் எதைத் தேட வேண்டும்?

பதில்: முதலில் தேட வேண்டியது டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற இரண்டு பெயர்களை. டிஆர்இஓ என்பது அருமண் (ரேர் எர்த்) உலோகங்களின் ஆக்ஸைடுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய மொத்தம். அதில் மலிவான லாந்தனமும் சீரியமும்கூட அடக்கம். "62 சதவீதம் கனம்" (அருமண்களில் அணு எடை கூடிய பிரிவு; இட்ரியமும் இதில் சேர்த்தே எண்ணப்படும்) என்பதைக் கேட்டும் மயங்க வேண்டாம். அதிலும் பெரும்பகுதி இட்ரியமாகவே இருக்கும். இட்ரியம் ஆக்ஸைடு நெடுங்காலமாக டிஸ்ப்ரோசியத்தின் விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் விற்று வந்திருக்கிறது. மோட்டார் சூடாகும்போது நியோடிமியம் காந்தம் வலுவிழக்காமல் காப்பவை டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும்தான். இப்படிப்பட்ட திட்டத்தின் வருமானம் பெரும்பாலும் இவற்றைத்தான் நம்பியிருக்கும்.

அறிக்கையின் கடைசியில் தனிமவாரி அட்டவணை இருக்கும். அதில் டிஸ்ப்ரோசியம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) என்று இருந்தால், அது தனிமமா ஆக்ஸைடா என்று பாருங்கள். தனிமம் என்றால் 1.148 ஆல் பெருக்குங்கள். 574 வரும், அதாவது டன்னுக்கு 574 கிராம் டிஸ்ப்ரோசியம் ஆக்ஸைடு. இட்ரியத்துக்கு இந்தப் பெருக்கெண் 1.27. ஒரு நிறுவனத்தின் தனிம அளவை இன்னொன்றின் ஆக்ஸைடு அளவோடு ஒப்பிட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். அட்டவணையே தராத அறிவிப்பை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

அடுத்தது அந்த 20 மீட்டர். 0.9 சதவீதத்தை 20 ஆல் பெருக்கினால் 18. உள்ளே 3 மீட்டர் மட்டும் 5 சதவீதம் என்றால் அதுவே 15 ஆகிவிடுகிறது. மிச்சம் 17 மீட்டரிலும் சராசரி 0.18 சதவீதம்தான், கிட்டத்தட்ட வெறும் பாறை. 3 மீட்டர் நாளத்தை (பாறைக்குள் ஓடும் கனிமப் பட்டையை) சுரங்கம் குடைந்து எடுப்பதும் 20 மீட்டர் பாறையைத் திறந்தவெளியில் வெட்டுவதும் செலவில் முற்றிலும் வேறு. கனடாவின் என்ஐ 43-101 விதி, சராசரிக்குள் ஒளிந்திருக்கும் உயர்தரப் பகுதியையும், தெரிந்தவரை உண்மையான தடிமனையும் சொல்லச் சொல்கிறது. நாளத்தைச் சாய்வாக வெட்டிய துளையில் நீளம் கூடுதலாகத்தான் தெரியும். "உண்மைத் தடிமன் இன்னும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால் 20 மீட்டரை 20 மீட்டராக எண்ணாதீர்கள்.

பகுப்பாய்வு முறையையும் பாருங்கள். லித்தியம் போரேட்டோடு மாதிரியை உருக்கிக் கரைத்து ஐசிபி-எம்எஸ் கருவியில் அளந்திருக்க வேண்டும். நான்கு அமிலங்களில் மட்டும் கரைத்திருந்தால் செனோடைம், சிர்கான் போன்ற கனிமங்கள் முழுதாகக் கரையாது. கன அருமண் குறைவாகவே காட்டும்.

இனி உயிர்நாடியான விஷயம்: இந்த உலோகம் எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது? தரம் நன்றாக இருந்தும் பல திட்டங்கள் நின்றுபோவது இங்கேதான். செனோடைம் என்றால் வழி ஓரளவு தெரிந்த வழி. அது கனமானது, காந்தத்தால் ஓரளவு இழுபடுவது. அரைத்த பிறகு காந்தப் பிரிப்பும், நுரையில் கனிமத்தை மிதக்கவைத்துப் பிரிக்கும் மிதப்பு முறையும் வைத்துச் செறிவூட்டலாம். பிறகு கந்தக அமிலத்தோடு சூடாக்கி நீரில் கரைப்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரவுன்ஸ் ரேஞ்சும் நமீபியாவின் லோஃப்டாலும் இந்த வகை. யூடியலைட் என்ற கனிமம் அமிலத்தில் சுலபமாகக் கரைந்துவிடும், ஆனால் கரையும்போதே சிலிக்கா கூழாகித் திரண்டு வடிகட்ட முடியாமல் அடைத்துக்கொள்ளும். ஸ்வீடனின் நோரா கார் படிவில் இருப்பது யூடியலைட். எந்தக் கனிமம் என்று சொல்லாமல் டிஆர்இஓ சதவீதம் மட்டும் அறிவிக்கும் நிறுவனத்திடம் நேரடியாக மின்னஞ்சலில் கேளுங்கள். கனிமவியல் ஆய்வு முடிந்திருந்தால் பதில் ஒரு வரியில் வந்துவிடும்.

கனிமம் தெரிந்ததும் மீட்பு விகிதத்துக்கு, அதாவது பாறையில் உள்ளதில் எவ்வளவு கைக்கு வருகிறது என்பதற்கு வாருங்கள். செறிவூட்டலில் 80 சதவீதம், கரைப்பதில் 85, பிரிப்பதில் 95 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக நல்ல எண்கள்தான். மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 65 சதவீதம். 574 கிராமில் கையில் வருவது சுமார் 370. அதோடு, பெரும்பாலான ஜூனியர் நிறுவனங்கள் விற்கப்போவது பிரிக்கப்படாத கலவையைத்தான். அதைத் தனித்தனி ஆக்ஸைடாக்க நூற்றுக்கணக்கான கரைப்பான் பிரிப்புப் படிகள் வேண்டும், ஆகவே வாங்குபவர் விலையைக் கணிசமாகக் கழித்துத்தான் தருவார். நிறுவனம் காட்டும் "கூடை விலை" (கலவையில் உள்ள எல்லா ஆக்ஸைடுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்ட விலை), பிரித்த ஆக்ஸைடுகளின் முழு விலையைப் போட்டதாக இருந்தால் அது அவர்கள் கைக்கு வராத பணம்.

பாறைக்குப் பதில் களிமண் படிவு என்றால் கணக்கே வேறு. தென் சீனாவின் அயனிக் களிமண்ணில் தரம் பெரும்பாலும் 0.05 முதல் 0.2 சதவீதம்தான். ஆனாலும் உலகின் கன அருமண்ணில் பெரும்பங்கு இந்தப் படிவுகளிலிருந்தும் மியான்மரின் கச்சின் படிவுகளிலிருந்தும் வருகிறது. காரணம், உலோகம் களிமண் துகளின் மேற்பரப்பில் அயனியாக ஒட்டியிருக்கிறது. அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினாலே விட்டு வந்துவிடும். பிரேசிலின் செரா வெர்டேவும் இந்த வகைதான். இதைக் காட்டித்தான் பல நிறுவனங்கள் எந்தக் களிமண்ணையும் "அயனி வகை" என்கின்றன. உலோகம் சிதையாத மோனசைட் கனிமத் துகளுக்குள் இருந்தால் உப்புக் கரைசல் அதைத் தொடாது. அதனால் மொத்தத் தரத்தோடு, பிஹெச் 4 அளவில் அம்மோனியம் சல்பேட்டில் எத்தனை சதவீதம் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் கரைந்தன என்ற எண்ணையும் கேளுங்கள். பிஹெச் 1 வரை இறக்கி எடுத்த எண்ணைத் தந்தால் அது அமிலக் கரைப்பு. அலுமினியமும் இரும்பும் கூடவே கரைந்து வரும், அவற்றை நீக்கச் செலவாகும்.

கதிரியக்கம் கொண்ட தோரியம், யுரேனியம் அளவும் அதே அட்டவணையில் இருக்கும். செறிவூட்டும்போது அவையும் கூடவே செறிவடையும். கிரீன்லாந்தின் குவானெஃபெல்ட் அருமண் திட்டம், 2021-இல் அங்கே வந்த யுரேனியத் தடைச் சட்டத்தால்தான் முடங்கியது.

கடைசியாகப் பணம். ஜூனியர் நிறுவனத்துக்கு வருமானம் கிடையாது. கனடிய நிறுவனங்களின் அறிக்கைகள் பதிவாகும் செடார் பிளஸ் தளத்தில் அதன் காலாண்டு நிதி அறிக்கையை எடுத்து, கையிருப்பை ஒரு காலாண்டுச் செலவால் வகுங்கள். விடை இரண்டுக்குக் கீழே என்றால் விரைவிலேயே புதுப் பங்கு வெளியிடப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்; நல்ல துளை முடிவு வந்து விலை ஏறிய வாரம் அதற்கு மிகவும் தோதான நேரம். நிலுவையில் உள்ள வாரன்ட்களின் (குறித்த விலையில் புதுப் பங்கு வாங்கும் உரிமைகளின்) எண்ணிக்கையையும் அந்தக் குறித்த விலையையும் பாருங்கள். இன்றைய பங்கு விலை அதைத் தாண்டியிருந்தால், வாரன்ட் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பங்காக்கி விற்கத் தொடங்குவார்கள்.