புகைபோக்கி போதும்

அன்புள்ள ஐயா,

எண்ணூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் பற்றிப் போனிலேயே ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். பாதிப் படம் அனல்மின் நிலையப் புகைபோக்கிதான். சோக இசை, இணையத்தில் எடுத்த புள்ளிவிவரம். பார்த்தவர்கள் கைதட்டினார்கள், எனக்குத்தான் ஒட்டவில்லை. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கேமரா வேண்டாம். உங்கள் பிள்ளைகள் வெளியூர்க்காரர்கள் எடுக்கும் படத்தை எடுத்திருக்கிறார்கள், அதுதான் சிக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தபோது, படகில் அப்பிய கறுப்பைத் தொலைக்காட்சிக்காரர்கள் நன்றாகவே எடுத்தார்கள். அந்தப் படகை எதைப் போட்டுத் தேய்த்தார்கள், வலையை என்ன செய்தார்கள், அந்த மாதம் வீட்டில் எப்படி உலை வைத்தார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும். அதைக் கேளுங்கள்.

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் ஆழம் குறைந்துவிட்டது என்று பின்னணிக் குரலில் சொன்னால் காதில் விழாது. வயதான மீனவர் ஒருவரைப் படகில் நிற்கவைத்துக் கம்பை ஊன்றச் சொல்லுங்கள். முன்பு எதுவரை முங்கும், இன்று எதுவரை முங்குகிறது என்று அவரே விரலால் காட்டட்டும். கம்பை வெளியே எடுக்கும்போது நுனியில் ஒட்டி வருவதையும் விடாமல் எடுங்கள். அதேபோல் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள். கை என்ன தேடுகிறது என்று அவர்களிடமே கேட்கவேண்டும். “கஷ்டமா இருக்கா?” என்று கேட்டால் “ஆமாம்பா” என்பார்கள், பேட்டி முடிந்துவிடும். “இந்த இடத்துல முன்ன என்னென்ன கெடைக்கும்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். பேசாமல் இருப்பதுதான் பிள்ளைகளுக்கு வராது. நமக்கும்தான்!

முகத்துவாரத்தில் காற்று அடிக்கும், போன் மைக்கில் இரைச்சல்தான் மிஞ்சும். இன்னொரு போனை ரெக்கார்டராக்கிப் பேசுபவரின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். அப்புறம், அந்தச் சோக இசையைத் தூக்கிவிடுங்கள்.

ஆலை வாசலுக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். படத்தில் பேசியவர்களில் சிலருக்கு அதே ஆலையில் ஒப்பந்த வேலை இருக்கலாம், வீட்டில் யாருக்காவது இருக்கலாம். அதனால் யூடியூபில் ஏற்றும் முன் குப்பத்திலேயே ஒரு மாலை போட்டுக்காட்டுங்கள். யாராவது “என்னை எடுத்துடுப்பா” என்றால், எவ்வளவு நல்ல காட்சியானாலும் வெட்டிவிட வேண்டியதுதான். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.