பிளான் இலவசமாகக் கிடைக்கும்போது ஆர்க்கிடெக்ட் எதற்கு?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "30-க்கு 40 மனை, மேற்கு பார்த்தது. கீழே 900, மாடியில் 600 என்று மொத்தம் 1,500 சதுர அடி கட்டப்போகிறோம். காண்டிராக்டர் சதுர அடிக்கு ₹2,400 சொல்கிறார், பிளானும் இலவசமாகவே போட்டுக் கொடுத்துவிட்டார். மதுரையில் ஓர் ஆர்க்கிடெக்டைப் பார்த்தோம். அவர் ₹1,50,000 கேட்கிறார். பட்ஜெட் 38 லட்சம். அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. இந்தச் சின்ன வீட்டுக்கு அந்தச் செலவு தேவையா? காண்டிராக்டரின் பிளானை இணைத்திருக்கிறேன்."

நானும் ஆர்க்கிடெக்ட் தொழிலில் இருப்பவன். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே படியுங்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய பிளானை வைத்தே பேசுகிறேன், நீங்களே டேப் பிடித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம். உங்கள் வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் கட்டாயமில்லை. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் 'விதிப்படிதான் கட்டுகிறேன்' என்று சான்று சொல்பவர் நீங்கள். பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான், பிளான் போட்டுக் கொடுத்தவர் இல்லை. அனுமதிக்குக் கொடுக்கும் அந்த வரைபடம் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டும்தான் காட்டும். அந்த வீட்டில் மே மாதம் தூங்க முடியுமா என்பதை அது சொல்லாது.

உங்கள் பிளானில் என்னை முதலில் நிறுத்தியது மாடிப்படி. 8 அடி நீளம், 6 அடி அகலத்துக்குள் திருப்புப்படி வரைந்திருக்கிறார். கணக்குப் பார்ப்போம். உள்ளே 10 அடி உயரம், ஸ்லாப் 5 அங்குலம், ஆக மொத்தம் 125 அங்குலம் ஏற வேண்டும். படிக்கு 7 அங்குலம் என்றால் 18 படி ஏற வேண்டும், பக்கத்துக்கு 9. திரும்பும் இடத்துக்கு 3 அடி போனால் மிச்சம் 5 அடி, அதாவது 60 அங்குலம். ஒன்பதாவது படி திரும்பும் இடமே என்பதால் அதில் 8 மிதிபலகை வர வேண்டும். ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம்தான் கிடைக்கும். வீடுகளுக்குத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சம் 250 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 10 அங்குலம். ஏழரை அங்குலத்தில் பாதம் முழுதாகப் பதியாது. இறங்கும்போது காலைப் பக்கவாட்டில் திருப்பித்தான் வைக்க வேண்டும். உங்கள் அம்மாவை விடுங்கள், ஈரத்துணி வாளியோடு இறங்கும் யாருக்குமே அது ஆபத்து. படிக்கு உண்மையில் 10 அடி நீளம் வேண்டும். அந்த 2 அடியை எங்கிருந்து எடுப்பது? ஹாலில் எடுத்தால் சோபா இடம் மாறும், சமையலறையில் எடுத்தால் ஃப்ரிட்ஜ் வெளியே வரும். இப்போது பேப்பரில் இதை மாற்ற ஓர் அழிப்பான் போதும். லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னல்களின் மேல் மட்டம், வந்த பிறகு என்றால் சுவரை இடிக்க வேண்டும், அல்லது அந்தப் படியோடேயே காலத்தை ஓட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

அப்புறம் மேற்கு வெயில். உங்கள் மனையில் தெரு மேற்கே. வாஸ்துப்படி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பெரிய படுக்கையறை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வாஸ்துவோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் அந்த அறைக்கு மேற்குச் சுவரில் 6 அடி அகல ஜன்னல், மேலே 2 அடி சன்ஷேடு என்று வரைந்திருக்கிறார். ஏப்ரல், மே மாதங்களில் மாலை 4.30 வாக்கில் உங்கள் ஊரில் சூரியன் தரையிலிருந்து சுமார் 28 பாகையில்தான் இருக்கும். அந்தச் சாய்வில் 2 அடி சன்ஷேடின் நிழல் சுமார் ஓர் அடிதான் கீழே இறங்கும். மிச்ச ஜன்னல் முழுக்க வெயில். சுவர் இரவு பத்து மணிக்கும் சூடாகவே இருக்கும். ஏ.சி. போட்டுக்கொள்ளலாம் என்பார்கள், மின் கட்டணம் அவர்கள் கட்டுவதில்லையே.

தெற்குச் சுவரின் கதை வேறு. மதுரை இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் வருகிறது. ஆக, கோடையில் நடுப்பகல் வெயில் தெற்கு ஜன்னலுக்குள் நேராக வராது. டிசம்பரில் வரும் வெயிலைத் தடுக்க 2 அடி சன்ஷேடு ஓரளவு போதும். அதனால் அறை கன்னி மூலையிலேயே இருக்கட்டும். பெரிய ஜன்னலைத் தெற்கே திருப்பி, மேற்குச் சுவர் நெடுக அலமாரியும் லாஃப்டும் வைத்தால் கட்டிலுக்கும் சூடான சுவருக்கும் நடுவே இரண்டடி துணிமணி நிற்கும். சிட் அவுட்டையும் மாடிப்படியையும் மேற்கு முகப்புக்குக் கொண்டுவந்தால் ஹாலுக்கும் நிழல். சுவரை ராட் டிராப் கட்டாக, அதாவது செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் காற்றுப் பொந்து விட்டு, கட்டச் சொல்லலாம். ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரவலாகக் கட்டிக் காட்டிய முறை அது. செங்கல்லும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். ஆனால் பழகாத கொத்தனார் கையில் கொடுத்தால் தலைவலி, விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.

அம்மாவின் அறையைக் கீழே வைத்திருக்கிறார், நல்லது. குளியலறைக் கதவு இரண்டரை அடி என்று போட்டிருக்கிறார். அது நிலையின் வெளியளவு. இரு பக்கமும் நிலைக்கட்டை போக நடக்கும் இடம் 25 அங்குலம் மிஞ்சினால் பெரிது. வாக்கர் பிடித்து நடப்பவருக்கே அது இடிக்கும், சக்கர நாற்காலி நுழையாது. 3 அடி நிலை, வாசல்படி இல்லாத தரை, கைப்பிடி மாட்ட வசதியாகச் சுவரில் இடம். இதற்கெல்லாம் இன்று ஆகும் கூடுதல் செலவு சில ஆயிரம்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். பிளானின் நடுவே மூன்றரை அடி அகலத்தில் 16 அடிக்கு ஒரு நடைபாதை போகிறது. 56 சதுர அடி. உங்கள் ரேட்டில் ₹1,34,400. அறைகளின் கதவுகளை ஹாலை ஒட்டித் திருப்பினால் அதில் பாதியையாவது குறைக்கலாம். பொதுவாகப் பரப்பைக் குறைப்பதால் முழு ரேட்டும் மிஞ்சாது, ஏனென்றால் செலவு பிடிக்கும் குளியலறையும் சமையலறையும் அப்படியே இருக்கும். ஆனால் நீங்கள் சதுர அடி ஒப்பந்தத்தில் இருப்பதால் குறைகிற ஒவ்வொரு அடிக்கும் முழு ₹2,400 உங்கள் பையில் நிற்கும். இதே காரணத்தால்தான், சதுர அடிக்குக் காசு வாங்குகிறவரிடமிருந்து பரப்பைக் குறைக்கும் யோசனை வராது. அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இதில் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 1,500 சதுர அடிக்கு 36 லட்சம் என்று கணக்குப் போட்டு 2 லட்சம் கையில் நிற்கும் என்று நினைத்திருப்பீர்கள். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட் ஆகியவை பெரும்பாலான சதுர அடி ஒப்பந்தங்களில் தனிக் கணக்கு. உங்கள் பகுதியில் பல இடங்களில் கரிசல் மண் வேறு. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் அது. சாதாரணக் கடைக்கால் போட்டால் சுவரில் விரிசல் வரும். மண் பரிசோதனை செய்து, ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் சொல்லும்படி அடித்தளம் போட வேண்டும். பில்லர், பீம், கம்பி எல்லாம் அவர் வேலை. ஆர்க்கிடெக்ட் சொல்லும் தொகையில் அவர் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். முழு விலை தெரியாமல் 38 லட்சத்தை நம்பி இறங்க வேண்டாம்.

அந்த ஒன்றரை லட்சம் உங்கள் 36 லட்சத்தில் நூற்றுக்கு நாலு ரூபாய் சொச்சம். என் பதில்: கொடுக்கலாம், ஆனால் எதற்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு. அழகான 3டி முகப்புப் படத்துக்கும் ஒரு தரைத்தளப் படத்துக்கும் அந்தத் தொகை அநியாயம். கட்டுவதற்கான முழு வரைபடங்கள் வேண்டும்: படி, கதவு ஜன்னல் அளவுகள், சுவிட்ச் போர்டு, ஏ.சி. குழாய் எங்கே, கழிவுநீர்க் குழாய் எந்த வழியாக எந்தச் சரிவில் என்பது வரை. மின் வரைபடம் இல்லாத வீட்டில் பூச்சு வேலை முடிந்த பிறகும் சுவரில் காடி வெட்டிக்கொண்டே இருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கூடவே ஒவ்வொரு வேலைக்குமான அளவுப் பட்டியல். இவற்றோடு மார்க்கிங், பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் என்று எத்தனை முறை மனைக்கு வருவார் என்பதும். கட்டணத்தைக் கட்டுமானச் செலவில் சதவீதமாக ஒத்துக்கொள்ளாதீர்கள். செலவு ஏற ஏற அவர் வரவும் ஏறும். மொத்தத் தொகையாகப் பேசி, வேலை நகர நகரத் தவணையாகக் கொடுங்கள்.

அவர் உண்மையில் ஆர்க்கிடெக்டா என்றும் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் 'சி.ஏ.' என்று தொடங்கும், தயங்காமல் கேளுங்கள். அவர் முன்பு கட்டிய வீடு ஒன்றுக்குப் போய், அங்கே குடியிருப்பவரிடம் பேசிப் பாருங்கள். முடிந்தால் மாலை வெயிலில் போங்கள்.

அதற்கும் கையில் பணம் இல்லையென்றால், மனைக்கு வருவதை விட்டுவிட்டு வரைபடங்களையும் அளவுப் பட்டியலையும் மட்டும் வாங்குங்கள், கட்டணம் குறையும். பட்டியல் கைக்கு வந்ததும் மூன்று காண்டிராக்டர்களிடம் கொடுத்து ரேட் கேளுங்கள். இப்போதைய காண்டிராக்டரையும் விட்டுவிட வேண்டாம், அவரும் அதே பட்டியலுக்கு ரேட் போடட்டும். தொட்டி, கேட், செப்டிக் டேங்க் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.