மட்டையின் ஒரே பக்கத்தால் அடிக்கும் பேக்ஹேண்ட்: மாற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41, வலக்கைக்காரன். ஏழு வருடமாக அபார்ட்மென்ட் கோர்ட்டில் டென்னிஸ் ஆடுகிறேன். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. போன மாதம் ஸ்ட்ரிங் மாற்றக் கொடுத்தபோது கடைக்காரர், “என்ன சார், ஸ்ட்ரிங் மேல ஒரு பக்கம் லோகோ சுத்தமா அழிஞ்சு போச்சு, மறுபக்கம் புதுசாட்டம் இருக்கே?” என்றார். அப்போதுதான் தெரிந்தது, வலப்பக்கம் அடிக்கும் ஃபோர்ஹேண்ட், இடப்பக்கம் அடிக்கும் பேக்ஹேண்ட் இரண்டையும் மட்டையின் ஒரே பக்கத்தால் அடிக்கிறேன் என்று. பேக்ஹேண்ட் ஒற்றைக்கைதான். மார்பு உயரத்துக்கு வரும் பந்தை நன்றாகவே அடிக்கிறேன். தாழ்வாக வந்தால் நெட்டில் மாட்டுகிறது. ஒரு கோச், “இது தப்பு, இரட்டைக்கைக்கு மாறிவிடுங்கள்” என்கிறார். கூட ஆடும் நண்பர் இது விதிமீறல் என்றே சாதிக்கிறார். மாற்றிக்கொள்ளவா?

பதில்: நண்பரின் பேச்சை முதலில் முடித்துவிடலாம். மட்டையின் இரண்டு முகங்களும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. எந்த முகத்தால் அடிக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒரே முகத்தால் காலம் முழுக்க ஆடிவிட்டுப் போகலாம், அம்பயர் வாயைத் திறக்க முடியாது.

அப்படி ஆடிப் பெரிய மேடைக்குப் போனவரும் இருக்கிறார். ஸ்பெயினின் ஆல்பர்ட்டோ பெராசடேகி ஃபோர்ஹேண்டையும் ஒற்றைக்கை பேக்ஹேண்டையும் மட்டையின் ஒரே முகத்தால் அடித்தவர். 1994 பிரெஞ்சு ஓபன் இறுதிப்போட்டியில் சக நாட்டுக்காரர் செர்ஜி புருகேராவிடம் நான்கு செட்டில் தோற்றார். அதே வருடம் உலகத் தரவரிசையில் 7ஆம் இடம் வரை போனார். களிமண் தரையில் மட்டும்தான் இது எடுபடும் என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆனால் 1998 ஆஸ்திரேலியன் ஓபனில், கடினத் தரையில், ராஃப்டரையும் அகாஸியையும் அடுத்தடுத்து வீழ்த்திக் காலிறுதிக்கு வந்தார். ஒன்றையும் மறைக்கக் கூடாது: அவருடைய ஆயுதம் ஃபோர்ஹேண்ட். பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்தைக்கூட முடிந்தவரை சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டாகவே அடிப்பார்.

டேபிள் டென்னிஸில் இது ஒரு விசேஷமே இல்லை. பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிக்கும் பழைய பாணியில் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டையும் மட்டையின் ஒரே பக்கத்து ரப்பரால்தான் அடிப்பார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கத்தைக் கொரியாவின் ரியூ சியுங்-மின் அப்படி ஆடித்தான் வாங்கினார். நீங்கள் சின்ன வயதில் டேபிள் டென்னிஸ் ஆடியவராக இருந்தால், பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று தேட வேண்டியதில்லை.

சரி, உங்கள் கைக்கு வருவோம். இப்போதே மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுவரைப்போல் செங்குத்தாக நிற்கும்படி பிடித்து, கைப்பிடியின் அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். கைப்பிடியில் எட்டுப் பட்டைகள் இருக்கும். உச்சியில் இருப்பது 1. அங்கிருந்து வலப்பக்கமாக எண்ணிக்கொண்டு போங்கள். ஃபோர்ஹேண்ட் பிடியில் உங்கள் ஆள்காட்டி விரலின் அடிமுட்டி எந்தப் பட்டையில் உட்கார்கிறது? எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

பிடியை மாற்றாமல் அதே முகத்தால் பேக்ஹேண்ட் அடிக்கும்போது மட்டை அரைவட்டம் புரண்டு வருகிறது. அந்த நிமிடத்தில் உங்கள் கை, எதிர்ப்பக்கத்துப் பட்டையைப் பிடித்ததற்குச் சமம். 5இல் பிடித்தால், அதாவது வெஸ்டர்ன் பிடி என்றால், அது 1இல் பிடித்ததாகிவிடும். 1 என்பது என்ன? எந்தக் கோச்சும் முதல் நாளே சொல்லித்தருகிற ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட் பிடி! 4இல் பிடித்தால், அதாவது செமி வெஸ்டர்ன் என்றால், 8க்குச் சமம். இது கையைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிய பேக்ஹேண்ட் பிடி. பிரெஞ்சு வீரர் ரிச்சர்ட் காஸ்கே ஏறத்தாழ இந்த மாதிரிதான் பிடித்து ஆடினார், அவருடைய பேக்ஹேண்டைக் கோணல் என்று யாரும் சொன்னதில்லை. 3இல் பிடிப்பவராக இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அது 7க்குச் சமம். மணிக்கட்டு தாறுமாறாக முறுக்கும், அதை விட்டுவிடுவதே நல்லது.

மார்பு உயரப் பந்து நன்றாக வருகிறது, தாழ்ந்த பந்து மாட்டுகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது 4 என்றுதான் தோன்றுகிறது. 8க்குச் சமமான பிடியில் மட்டையின் முகம் மார்பு உயரத்தில் இயல்பாக நேராக நிற்கும். முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் தரையைப் பார்க்கத் தொடங்கிவிடும். பந்து நெட்டுக்குப் போவதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, பிடி அப்படி.

கோச்சுக்கு ஏன் இது உறுத்துகிறது என்பதும் புரிகிறது. பழைய டென்னிஸ் பாடம் புல்தரையில் எழுதப்பட்டது. 1974 வரை நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மூன்று புல்லில் நடந்தன. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961இல் விம்பிள்டன் அரையிறுதி ஆடியதும் அந்தப் புல்லில்தான். அங்கே பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும். பந்தின் அடிப்பக்கத்தைச் சீவித் தாழ்வாக அனுப்பும் அடிதான் ஸ்லைஸ்; கென் ரோஸ்வாலின் ஸ்லைஸ் பேக்ஹேண்ட் அங்கே ராஜா. உங்கள் பிடியோடு அந்தப் புல்லில் இறங்கியிருந்தால் ஒரு செட் தாங்கியிருக்க மாட்டீர்கள். ஆனால் சிமென்ட் கோர்ட்டில், டாப்ஸ்பின் போட்டு, அதாவது பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டு, எழுப்பி அடிக்கும் எதிராளிகளோடு ஆடும்போது கணக்கு வேறு.

ஆகவே என் கருத்து: இந்த அடியை மாற்ற வேண்டாம். பார்க்க விசித்திரமாக இருப்பது மட்டை பின்னால் போகிற விதம் மட்டுமே. பந்தில் படும் நேரத்தில் உங்கள் கை பாடத்திலிருந்து அதிகம் விலகவில்லை. ஆனால் படும் நேரம் உண்மையிலேயே சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோர்ட் வேலிக் கம்பத்துக்கு முன்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். பேக்ஹேண்டில் பந்தைத் தொடும் நிலையில் மட்டையின் முகத்தைக் கம்பத்தில் வைத்து முழு பலத்தோடு தள்ளுங்கள். கம்பம் உங்கள் வலது காலுக்கு ஒரு முழம் முன்னால் இருக்கட்டும். தோளிலிருந்து பலம் நேராகப் போய்ச் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கினாலோ, முழங்கை முதலில் முன்னே துருத்தினாலோ உடனே திருத்த வேண்டும். டென்னிஸ் எல்போ என்று வெளி முழங்கையில் வரும் வலிக்கு, ஒற்றைக்கை பேக்ஹேண்டில் இந்த இரண்டும் முக்கியமான காரணங்கள். பந்தைத் தாமதமாகத் தொடுவதால்தான் பெரும்பாலும் இப்படி மடங்குகிறது. ஆக, மணிக்கட்டோடு மல்லுக்கட்டாமல், பந்தை இன்னும் முன்னால் எடுக்கப் பாருங்கள். ஃபெடரரே 2017 ஆஸ்திரேலியன் ஓபன் இறுதியில் நடாலை ஐந்து செட்டில் ஜெயித்தபோது, தோளுக்கு மேல் எழும்ப விடாமல் பேக்ஹேண்டை முன்கூட்டியே எடுத்துத்தான் சாதித்தார்.

இரட்டைக்கைக்கு மாறுவதா? சாம்ப்ராஸ் இதற்கு நேர் எதிராக, இரட்டைக்கையிலிருந்து ஒற்றைக்கைக்குப் பதினான்கு வயதில் மாறினார். தினம் மணிக்கணக்கில் பயிற்சி செய்த பையனுக்கே அது லேசான காரியமாக இருக்கவில்லை. காலையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு ஆபீசுக்கு ஓடும் 41 வயதுக்காரர் ஏன் அந்தப் பாட்டைப் பட வேண்டும்? ஒற்றைக்கை அருகிவருவது என்னவோ உண்மை. 1973இல் ஆண்கள் தரவரிசை தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, 2024 பிப்ரவரியில் முதல் பத்து இடங்களில் ஒற்றைக்கை பேக்ஹேண்டுக்காரர் ஒருவர்கூட இல்லாமல் போனார். ஆனால் அது சர்வ் பறந்து வரும் உலகத்தின் கணக்கு, உங்கள் அபார்ட்மென்ட் கோர்ட்டுக்குப் பொருந்தாது.

உங்களுக்குத் தேவை இரண்டாவது ஒரு பேக்ஹேண்ட். ஸ்லைஸ். தாழ்ந்த பந்து, எட்டிப் பிடிக்க வேண்டிய பந்து, நெட் அருகே பந்து தரையில் படும் முன் அடிக்கும் வாலி, வேகமான சர்வைத் தடுத்துத் திருப்புவது எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஒரே முகப் பிடியில் இவை எதுவும் ஒழுங்காக வராது. இடது கையால் மட்டையின் கழுத்தைப் பிடித்து, அந்த ஆள்காட்டி விரல் முட்டி 2ஆம் பட்டைக்கு வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். இங்கே பந்து மறுமுகத்தில் படும், அதாவது இதுவரை சும்மா இருந்த பக்கத்தில். ஆரம்பத்தில் மூளை குழம்பும். டிவி பார்த்துக்கொண்டே 4இலிருந்து 2க்கும் திரும்ப 4க்கும் கண்ணை மூடி மாற்றிப் பழகுங்கள். பிறகு கோர்ட்டில் நண்பரைக் கையால் தாழ்வாகப் பந்து போடச் சொல்லி, ஆட்டத்துக்கு முன் இருபது ஸ்லைஸ். வேகம் வேண்டாம், நீளம் போதும். ஆறு வாரத்தில் மறுபக்க லோகோ கொஞ்சமாவது மங்கவில்லை என்றால், பயிற்சியில் மட்டும்தான் ஸ்லைஸ் போடுகிறீர்கள், ஆட்டத்தில் பயந்து பழைய அடிக்கே ஓடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம், அந்தக் கடைக்காரர் உங்கள் மட்டையில் என்ன ஸ்ட்ரிங் போட்டார்? முழுக்க விறைப்பான பாலியெஸ்டர் என்றால், அடுத்த முறை கைக்கு மென்மையான மல்டிஃபிலமென்ட் போட்டு இரண்டு பவுண்டு தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். முழங்கையில் ஏற்கெனவே வலி இருந்தால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் இந்த வாரமே மாற்றுங்கள்.