போனை அவர் கையிலேயே விடுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் அம்மம்மாவுடன் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 74. கனடாவில் இருக்கும் மாமா அவருக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் அனுப்பியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுக்க எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்துவிட்டேன். மறுநாளே மறந்துவிடுகிறார். தொட்டால் தானாக ஏதேதோ திறக்கிறது என்கிறார். எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மின்சாரக் கட்டணத்தையும் போனிலேயே கட்டப் பழக்கலாமா?

பதில்: ‘தானாக ஏதேதோ திறக்கிறது’ என்று அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள். மறதி என்று நீங்கள் நினைப்பதில் பாதிக்கு மேல் விரலின் பழக்கம்தான்.

பட்டன் போனில் ஊறியவர்கள் எதையும் அழுத்தித்தான் பார்ப்பார்கள். தொடுதிரைக்கு அழுத்தம் ஒரு பொருட்டல்ல. விரல் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் கணக்கு. ஏறக்குறைய அரை விநாடிக்கு மேல் தங்கினால், வேண்டுமென்றே தொட்டுப் பிடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு வேறொரு பட்டியலைத் திறந்துவிடும், முகப்புத் திரையில் உள்ள சிறு படங்கள் இடம்பெயரும். இதற்கு மேல் இன்னொரு தொல்லையும் உண்டு. விரல்நுனியின் மின்கடத்தலை வைத்துத்தான் திரை தொடுகையை உணர்கிறது. வயதோடு தோல் உலர்ந்துபோவதால் சில தொடுகைகள் பதிவாகாமலே போகும். பதிவாகவில்லையே என்று அவர் இன்னும் அழுத்துவார், போன் இன்னும் குழம்பும். நீங்கள் பக்கத்தில் நின்று ‘மெல்லத் தொடுங்கோ’ என்று கத்துவதில் பயனில்லை.

முதலில் போனை அவருக்கு ஏற்றபடி மாற்றுங்கள். அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டும் வசதி இருக்கிறது; அதை ஆகக் கூடியதில் வையுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். திரை அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறதென்றால் அதைச் சில நிமிடங்களாக்குங்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டு ஒரு வரி வாசிப்பதற்குள் திரை இருண்டுவிட்டால் யாருக்கும் கோபம் வரும். ஓரத்திலிருந்து இழுத்துத் திரும்பிப் போகும் முறையை நிறுத்திவிட்டு, கீழே மூன்று பட்டன்கள் எப்போதும் தெரியும் பழைய முறைக்கு மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத வழியைப் பழக்குவது வீண் வேலை.

அடுத்தது அந்த வீடியோ அழைப்பு. உங்களுக்கு அது ஒரே வேலையாகத் தெரிகிறது. பல போன்களில் திரை பூட்டியிருக்கும்போது அழைப்பு வந்தால் மேல்நோக்கி இழுக்க வேண்டும். அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால் மேலே தோன்றும் சிறு பட்டியில் ஒரு பட்டனைத் தொட வேண்டும். நேற்றுப் படித்தது இன்று பலிக்காமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனி நாட்களில் பழக்குங்கள். அவராக அழைப்பதற்கு, வாட்ஸ்அப்பில் மாமாவின் உரையாடலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளின் வழியாக அதற்கு ஒரு குறுக்குவழியை முகப்புத் திரையில் வைத்துவிடலாம். மாமாவின் முகத்தைத் தொட்டால் போதும், நேரே அங்கே போய்விடும்.

பழக்கும்போது போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும். இளையவர்கள் எல்லோரும் செய்வது ‘இங்கே தாங்கோ’ என்று பறித்து, மூன்று விநாடியில் முடித்துத் திருப்பிக் கொடுப்பது. அதில் அவர் கற்பது ஒன்றுதான்: பேத்தியைக் கூப்பிட வேண்டும் என்பது. உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியைக் கொடுத்து, படிகளை அவரே தன் சொற்களில் எழுதட்டும். வகுப்பு முழுக்கப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பழக்கியவருக்குப் பாடக்குறிப்பு எழுத நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பச்சை வட்டம்’ என்று அவர் எழுதினால் அதுவே சரி, திருத்தப் போகாதீர்கள்.

மாமாவுக்கும் வேலை கொடுங்கள். அவர் டொரோண்டோ பக்கம் இருந்தால், கோடையில் இங்கே காலை ஏழு மணி அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. அந்த நேரத்தில் அழைத்து, அம்மம்மா எடுத்ததும் வைத்துவிட்டு மறுபடி அழைக்கச் சொல்லுங்கள். தவறவிட்டால் பரவாயில்லை என்று தெரிந்த அழைப்பில்தான் கை நடுங்காமல் பழகும்.

மின்சாரக் கட்டணம் இப்போதைக்கு வேண்டாம். அதற்கு முன் ஒரு விடயம் அவருக்குப் பழக்கமாக வேண்டும்: போனுக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. கேட்பவர் பெரும்பாலும் அந்நியராகவே தெரியமாட்டார். உதாரணமாக, கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு சித்தியின் வாட்ஸ்அப் கணக்கை யாரோ களவாடி, சித்தியின் பெயரிலேயே, ‘தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்பார்கள். உதவும் மனமுள்ளவர்கள் உடனே அனுப்பிவிடுவார்கள். அடுத்த நிமிடம் அவர்களுடைய வாட்ஸ்அப்பும் கைமாறிவிடும். பொதி வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்திகளும் இந்த வகைதான். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே போட்டு, அதற்கு நீங்களே தெரிவுசெய்யும் இரகசிய எண்ணை வீட்டில் ஒரு பத்திரமான இடத்தில் எழுதி வையுங்கள். எண் கேட்டு யார் வந்தாலும், அது நீங்களே ஆனாலும், முதலில் குரலில் பேசிப் பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இது பழகிய பிறகு வங்கிச் செயலிக்குப் போகலாம். அப்போதும் ஓய்வூதியம் வரும் கணக்கைத் தொடாமல், கட்டணத்துக்கு மட்டும் சிறு தொகை வைத்த தனிக் கணக்கு ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

கட்டணத்தைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. நீங்கள் விரிவுரைக்கோ வேலைக்கோ போன பிறகு அவர் வீட்டில் தனியாகத்தானே இருப்பார். சுவசெரிய இலவச அம்புலன்ஸின் 1990 என்ற எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒரே தொடுகையில் போகும்படி முகப்புத் திரையில் வையுங்கள். 1990 ஐச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். உங்கள் எண்ணில் பழகட்டும்.